பாதி விலைக்குக் கேளுன்னு எவன் சொன்னான்

எங்க வீட்டு ஹால்ல ஒரு பித்தளை விளக்கு தொங்குது. உடம்பு பூரா பொடிப்பொடியா ஓட்டை போட்டு, உள்ள பல்பு எரிஞ்சா சுவர் முழுக்க புள்ளி புள்ளியா வெளிச்சம் விழும், பாக்க அவ்ளோ அழகா இருக்கும். மொராக்கோ நாட்டுல இருக்கற மராக்கேஷ் போனப்ப அங்க பழைய ஊருக்குள்ள இருக்கற சந்தைல வாங்கினது. கடைக்காரர் அந்த நாட்டுக் காசுல 800 திர்ஹாம்னாரு. நான் எல்லாம் படிச்சிட்டுத்தான் போயிருந்தேன், "சொல்ற விலையில பாதிக்கு முடிக்கணும்"னு எல்லாரும் சொல்லுவாங்களே அந்த ரூல், அதைக் கையில வச்சுக்கிட்டு 300ல ஆரம்பிச்சேன், அவர் நெஞ்சுல கை வச்சாரு, நான் முகத்தைத் திருப்பினேன், அவர் கால்குலேட்டர்ல தட்டிக் காட்டினாரு, நான் வாங்கி வேற நம்பர் தட்டினேன், இப்படியே இருபது நிமிஷம் போச்சு. கடைசில 400. கரெக்டா பாதி. எனக்கு உலகக் கோப்பை ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு.

அதே சந்துல நாலு கடை தள்ளி எங்க அக்கா சும்மா ஒரு விளக்கைக் கைல எடுத்து "இது எவ்ளோ"ன்னு கேட்டா. அதே சைஸ், அதே ஓட்டை. அவர் 250ன்னாரு. பேரம் பேசி வந்த விலை இல்லீங்க, அது அவர் சொன்ன முதல் விலை!

அக்கா என்னைத் திரும்பிப் பாத்து "ஏண்டி, நீ எவ்ளோக்கு வாங்கினே"ன்னா. நான் பதில் சொல்லல. ஊர் திரும்பற வரைக்கும் சொல்லல.

அப்புறம்தான் உக்காந்து யோசிச்சேன். பாதிங்கறது எதுல பாதி? அவர் வாயில வர்ற நம்பர்ல பாதி. அந்த நம்பரைத் தீர்மானிக்கறது யாரு? அவரேதான். நான் படிச்ச அதே ரூலை எனக்கு முன்னாடி வந்த லட்சம் டூரிஸ்டும் படிச்சிட்டு வந்து அவர்கிட்ட பாதி பாதின்னு கேட்டிருக்காங்க, அவருக்கு அது தெரியாதா? 400 வேணும்னா 800 சொல்லப்போறாரு, மூணுல ஒரு பங்கு கேக்கறவங்க வந்தா 1200 சொல்லப்போறாரு, அவ்ளோதான் கணக்கு. நாம குறைச்சோம்னு நினைச்சுக்கறது அவர் ஏத்தி வச்ச பகுதியை மட்டும்தான்.

இதுக்கு ஒரு பழைய பரிசோதனை இருக்கு, 1974ல ட்வெர்ஸ்கி, கானமன்னு ரெண்டு உளவியல்காரங்க எழுதினது. ஒரு சக்கரத்தைச் சுத்தி விடுவாங்க, அது 10லயோ 65லயோ நிக்கற மாதிரி முன்கூட்டியே செட் பண்ணி வச்சிருப்பாங்க, நிக்கற நம்பரைப் பாத்ததுக்கு அப்புறம் "ஐநா சபைல இருக்கற நாடுகள்ல ஆப்பிரிக்க நாடுங்க எத்தனை சதவீதம்"னு கேப்பாங்க. சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனா 10 பாத்தவங்க நடுவாந்திரமா 25ன்னு சொல்லியிருக்காங்க, 65 பாத்தவங்க 45ன்னு சொல்லியிருக்காங்க. வெறும் சக்கரத்துக்கே இந்தக் கதின்னா, விளக்கைத் தொடைச்சு லைட் போட்டுக் காட்டி சிரிச்சுக்கிட்டே ஒருத்தர் 800ன்னு சொன்னா என் மண்டைல 800 ஆணி அடிச்ச மாதிரி உக்காராம என்ன பண்ணும்? 300ன்னு கேட்டப்ப "ஐயோ ரொம்பக் கம்மியா கேக்கறோமோ"ன்னு எனக்கே கூச்சமா இருந்துச்சுன்னா பாத்துக்கங்க.

அதனால நான் இப்ப பண்றது ஒண்ணே ஒண்ணு. விலை கேக்கறதுக்கு முன்னாடியே எனக்கு இது எவ்ளோக்குப் பெறும்னு ஒரு நம்பரை முடிவு பண்ணிடறேன். கடைக்காரர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி! ஃபோன்ல டைப் பண்ணியே வச்சுக்கறேன், ஏன்னா மனசுல வச்சா அது நைசா ஏறிடும். அவர் சொல்ற விலை என்னவா இருந்தாலும் என் நம்பர் மாறாது. என் நம்பருக்குக் கீழ வந்தா சந்தோஷம், வரலைன்னா தேங்க்ஸ் சொல்லிட்டு நடந்துடறேன். கேக்க ஈஸியா இருக்கு, மொத ரெண்டு நாள் ரொம்பக் கஷ்டம்.

சரி, அந்த நம்பர் எங்கருந்து வரும்? மொத நாள் எதுவுமே வாங்கக் கூடாது, சும்மா சுத்தணும். மராக்கேஷ்லயே முகமது V அவென்யூல அரசாங்கம் நடத்தற கைவினை வளாகம் ஒண்ணு இருக்கு, ஆன்ஸாம்பிள் ஆர்ட்டிஸனால்னு பேரு, அங்க செய்யறவங்களே உக்காந்து செஞ்சு விப்பாங்க, பெரும்பாலும் விலை எழுதி ஒட்டியிருக்கும், யாரும் கையைப் பிடிச்சு இழுக்க மாட்டாங்க. அங்க சந்தையோட அடிமாட்டு விலை கிடைக்காது, ஆனா தோல் செருப்பு, மரப் பெட்டி, விளக்கு எல்லாத்துக்கும் நியாயமான விலை எந்தப் பக்கம் இருக்குன்னு ஒரு ஐடியா வந்துடும். நான் அங்க கடைசி நாள்தான் போனேன். விளக்கு ஏற்கனவே பெட்டிக்குள்ள பேக் ஆகியிருந்துச்சு. நானே வயித்தெரிச்சலைக் காசு கொடுத்து வாங்கிக்கிட்டேன்னு வைங்க.

கெய்ரோல கான் எல் கலீலிங்கற பழைய சந்தைல வேற மாதிரி அனுபவம். 1380கள்ல ஒரு அமீர், அதாவது சுல்தானோட பெரிய அதிகாரி, கட்டின வணிகர் சத்திரம் அது, கான்னாலே வெளியூர் வியாபாரிங்க சரக்கோட வந்து தங்கற இடம்தான், அறுநூறு வருஷத்துக்கும் மேல அங்க ஆளுங்க பேரம் பேசிக்கிட்டே இருக்காங்க, அந்தச் சந்துல நின்னு நான் போய் "கொஞ்சம் குறைங்க"ன்னு கேக்கறது எவ்ளோ சின்னப்புள்ளத்தனம்னு யோசிச்சுப் பாருங்க. அங்க எல்லாக் கடையிலயும் பப்பிரஸ் ஓவியம் தொங்கும், பப்பிரஸ்னா பழைய எகிப்துல காகிதம் மாதிரி எழுதப் பயன்படுத்தினது. நான் ஒண்ணை நல்லா அடிச்சுப் பேசி மூணுல ஒரு பங்குக்கு வாங்கினேன். ரூமுக்கு வந்து சுருட்டினா நடுவுல பட்டுன்னு விரிசல். வாழைத் தண்டு, வாழை மட்டை மாதிரி எதுலயோ செஞ்ச சமாச்சாரம் அது, பப்பிரஸே கிடையாது.

நிஜ பப்பிரஸ் கோரைப்புல் குடும்பத்துச் செடியோட தண்டுலருந்து வர்றது. உள்ள இருக்கற வெள்ளைச் சோத்தை நீள நீளமா சீவி, ஒரு வரிசை நெடுக்க, அது மேல ஒரு வரிசை குறுக்க அடுக்கி அழுத்திக் காய வைப்பாங்க. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சா அந்தக் குறுக்கும் நெடுக்குமான கோடு தெரியும், சுருட்டினாலும் உடையாது. இன்னொரு விஷயம், காகிதம் வந்தப்புறம் இந்தத் தொழிலே அங்க அழிஞ்சு போயிடுச்சு, 1960கள்ல ஹசன் ரகப்னு ஒரு முன்னாள் தூதர்தான் செடியைத் திரும்ப வளத்து செய்முறையைத் திரும்பக் கொண்டு வந்தாரு. அதனால யாராவது கடைப் பரண்லருந்து தூசி தட்டி எடுத்து "இது எங்க தாத்தாவோட தாத்தா காலத்து பப்பிரஸ்"னு சொன்னா சிரிச்சுட்டு வந்துடலாம்.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. அங்க நான் பேரத்துல தோக்கல, நல்லா குறைச்சேன். ஆனா எதைக் குறைச்சேன்? போலியோட விலையை. பொருளையே தெரியாம விலையை மட்டும் பேசறது இருட்டுல ஊசி கோக்கற கதைதான்.

கெய்ரோல இன்னொரு கூத்து, "ஃபிஃப்டி பவுண்ட்"னு சொல்லுவாங்க, பேசி முடிச்சு எகிப்து பவுண்டை எண்ணிக் கொடுத்தா "நோ நோ, இங்கிலீஷ் பவுண்ட்"ம்பாங்க. எல்லாரும் இல்ல, ஒருத்தர்கிட்ட நடந்துச்சு. அதுலருந்து எந்த ஊர்லயும் நம்பரோட அந்த நாட்டுக் காசு பேரையும் சேத்து ரெண்டு தடவை சொல்ல வச்சுட்டுத்தான் பர்ஸைத் திறக்கறேன். அப்புறம் கைடு, டாக்ஸி டிரைவர் யாராவது "என் ஃப்ரெண்டு கடை"ன்னு கூட்டிட்டுப் போனா அவங்க கமிஷனும் நம்ம பில்லுலதான் ஏறும், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனாலும் கால் வலிக்கறப்ப போயிடறோம்.

இஸ்தான்புல் கிராண்ட் பஜாரைப் பத்தி தனியா ஒரு போஸ்ட்டே எழுதலாம். 1450கள்ல ஆரம்பிச்சது, இன்னிக்கு கூரை போட்ட தெரு மட்டும் அறுபது, கடைங்க கிட்டத்தட்ட 4,000. ஞாயித்துக்கிழமை லீவு, அது தெரியாம ஞாயித்துக்கிழமை காலைல போய் பூட்டின கேட்டுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துக்கிட்ட ரெண்டு பேர் நாங்க. மறுநாள் போனோம். கம்பளக் கடைக்காரர் ஒருத்தர் டீ கொடுத்து உக்கார வச்சாரு, அப்புறம் ஒவ்வொரு கம்பளமா விரிக்க ஆரம்பிச்சாரு, ரெண்டு பசங்க தூக்கித் தூக்கிப் போட அது பாட்டுக்கு முட்டி உயரத்துக்கு அடுக்கிப்போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள உதறல், இவ்ளோ விரிச்சுட்டாங்களே, டீ வேற குடிச்சுட்டோமே, வாங்காம எப்படிப் போறதுன்னு. அக்கா ரெண்டாவது டீ கேட்டு வாங்கிக் குடிச்சா.

அவளுக்குக் கம்பளம் வேண்டாம். நிஜமாவே வேண்டாம், அதான் அவ பலம். ஆனா பாக்கப் பிடிக்கும், அதனால கேள்வியா கேட்டா, அவரும் பொறுமையா சொல்லிக் கொடுத்தாரு. கம்பளத்தைத் திருப்பிப் போட்டுப் பாக்கணும், கையால முடிச்சுப் போட்டதுன்னா பின்பக்கமும் டிசைன் முன்பக்கம் மாதிரியே தெளிவா இருக்கும். ஓரத்துல தொங்கற குஞ்சம் கம்பளத்தோட பாவு நூலே, அதாவது நீளவாக்குல ஓடற நூலே, வெளிய நீண்டு வந்ததா இருக்கணும், தனியா தச்சு ஒட்டியிருந்தா மெஷின்ல செஞ்சதா இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு நூலை உருவிக் கொளுத்தினா கம்பளி முடி கருகற வாடை அடிக்கும், சாம்பல் பொடிஞ்சுடும், அக்ரிலிக்ங்கற செயற்கை நூலா இருந்தா உருகி கெட்டி உருண்டையா ஆயிடும். பஷ்மினான்னு சொல்லி விக்கற சால்வை அக்ரிலிக்கான்னு பாக்கவும் இதே டெஸ்ட்தான், மோதிரத்துக்குள்ள நுழைச்சுக் காட்டற வித்தையை நம்பாதீங்க, மெல்லிசா இருக்கற எந்தத் துணியும் மோதிரத்துக்குள்ள போகும்.

ஒண்ணரை மணி நேரம். கடைசில அக்கா எழுந்து நின்னு, ரொம்ப நல்லா இருந்துச்சு, ஆனா எங்களுக்கு வேண்டாம்னு கும்பிடு போட்டா. அவர் கோவப்படவே இல்ல. ஆனா கிளம்பற நேரம் பாத்து சொன்ன விலை மொதல்ல சொன்னதுல கால்வாசி இருந்துச்சு. நான் யாரையும் பாக்காம படி இறங்கினேன், பாத்திருந்தா இன்னிக்கு எங்க வீட்ல கம்பளம் இருக்கும்.

கடைக்காரருக்கு நாள் முழுக்க டைம் இருக்கு, வருஷம் முழுக்க டைம் இருக்கு, நமக்கு சாயங்காலம் ஃப்ளைட். பேரத்துல இதைவிடப் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லைன்னு நான் நினைக்கறேன். நானும் அந்த விளக்கை வாங்கினது கிளம்பறதுக்கு முந்தின நாள் சாயங்காலம்.

இதைப் பத்தித் தேடிப் படிக்கறப்ப கிளிஃபர்ட் கீர்ட்ஸ்னு ஒரு மானுடவியல் ஆராய்ச்சியாளர் மொராக்கோல செஃப்ரூங்கற சின்ன ஊர்ச் சந்தையைப் பத்தி 1978ல எழுதின கட்டுரை கண்ல பட்டுச்சு. அவர் சொல்றது, அந்த மாதிரி சந்தைல பொருளைவிட அரிதானது தகவல்தான், எது நல்ல சரக்கு, நியாயமான விலை என்ன, யாரை நம்பலாம், இதெல்லாம் யாருக்கும் முழுசா தெரியாது, அதைத் தேடறதுதான் சந்தை வாழ்க்கையே. அந்த ஊர்க்காரங்க அதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாடிக்கைக் கடை. திரும்பத் திரும்ப அதே ஆள்கிட்ட போறது. அங்கயும் பேரம் நடக்கும், சண்டை மாதிரியே நடக்கும், ஆனா நாளைக்கும் மூஞ்சில முழிக்கணும்ங்கற பயம் ரெண்டு பக்கமும் இருக்கு. டூரிஸ்டுக்கு அது கிடையவே கிடையாது. நான் திரும்பி வரப்போறதில்லைன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எங்கிட்ட 800 சொன்னவர் கெட்டவர்னு இப்ப நான் நினைக்கல, அவருக்கு நான் ஒரே ஒரு தடவை வர்ற பஸ்.

அதே கட்டுரைல இன்னொரு பாயிண்ட், பேரம்னா விலை மட்டும் இல்ல, அளவு, தரம் எல்லாத்துலயும் பேசலாம். அதை நான் உடனே பிடிச்சுக்கிட்டேன். விலை இதுக்கு மேல இறங்காதுன்னு தெரிஞ்சா "சரி, இதே விலைக்கு அந்தச் சின்னதையும் சேத்துக் கொடுங்க"ன்னு கேப்பேன். பெரும்பாலும் கொடுத்துடறாங்க. அவருக்கும் சொன்ன விலை நின்னுச்சுன்னு கெத்து, எனக்கும் ஆபீஸ்ல கொடுக்க ஒரு கீச்செயின்.

ஒரே விலைங்கறதே ரொம்பப் புது விஷயம்ங்க. 1673ல ஜப்பான்ல மிட்சுயி குடும்பம் எச்சிகோயான்னு ஒரு துணிக்கடை திறந்து, ரொக்கம் கொடு, ஒரே விலை, ஏத்திச் சொல்றதே கிடையாதுன்னு வியாபாரம் பண்ணப்ப அது பெரிய அதிசயம். அதே நூற்றாண்டுல இங்கிலாந்துல குவேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவைச் சேந்த வியாபாரிங்க ஒரு விலையை மனசுல வச்சுக்கிட்டு இன்னொண்ணைச் சொல்றது பொய், பொய் பாவம்னு ஒரே விலைக்கு வித்தாங்க. பாரிஸ்ல போன் மார்ஷே கடை 1852க்கு அப்புறம்தான் விலைச் சீட்டு ஒட்டி விக்கறதைப் பிரபலமாக்குச்சு. இந்த மாதிரி சில பேரை விட்டா, அதுக்கு முன்னாடி உலகம் பூரா பெரும்பாலும் பேசித்தான் வாங்கியிருக்காங்க. நாமதான் பழக்கம் விட்டுப் போய் விடுமுறைக்குப் போறப்ப மட்டும் பழைய மேட்ச்சை ஆடப் பாக்கறோம், நெட் பிராக்டிஸே இல்லாம.

முதல் போணி விஷயத்துல மட்டும் ஜாக்கிரதையா இருங்க. இந்தோனேசியாவோட பாலித் தீவுல காலைல முதல் வியாபாரம் ஆனதும் அந்த நோட்டை எடுத்து கடைல இருக்கற மத்த சாமான் மேலெல்லாம் தட்டுவாங்க, அந்த அதிர்ஷ்டம் எல்லாத்துக்கும் ஒட்டிக்கணும்னு. அந்த நேரத்துல போனா கம்மி விலைக்கே விட்டுடுவாங்க, போணி ஆனா போதும்னு. நான் அங்க உபுத்ங்கற ஊர்ச் சந்தைல காலைல ஒரு மரப் பூனையை என் நம்பருக்கும் ரொம்பக் கீழ வாங்கினேன், அந்தம்மா என் கையிலருந்து காசை வாங்கி மிச்சப் பூனைங்க தலைல எல்லாம் தட்டினாங்க, எனக்கு ஏதோ ஆசீர்வாதம் பண்ண ஃபீலிங். ஆனா வியட்நாம்ல இதே காலை நேரத்துல போய் அரை மணி நேரம் பேரம் பேசிட்டு வாங்காம வந்தீங்கன்னா அன்னிக்கு நாளே போச்சுன்னு நினைப்பாங்க, சில பேர் பீடை போகணும்னு பேப்பரைக் கொளுத்தி சுத்திப் போடுவாங்க. வாங்கற எண்ணம் இல்லைன்னா காலைல விலையே கேக்காதீங்க, மத்தியானம் போங்க.

அதே மாதிரி, நாம ஒரு விலையைச் சொல்லி அவர் "சரி"ன்னுட்டா வாங்கித்தான் ஆகணும். அதுக்கப்புறம் "யோசிச்சு சொல்றேன்"னு நழுவறது அநாகரிகம், நான் ஒரு தடவை பண்ணியிருக்கேன், அந்தப் பெரியவர் மூஞ்சி இன்னும் ஞாபகம் இருக்கு. போற மாதிரி நடிக்கறதும் எனக்கு வர மாட்டேங்குது. நடிச்சுட்டுப் போய் அவங்க கூப்பிடலைன்னா அந்த விலை அவங்களுக்குக் கட்டுப்படியாகலைன்னு அர்த்தம், அது நல்ல தகவல்தான், ஆனா பத்து நிமிஷம் கழிச்சு பல்லை இளிச்சுக்கிட்டு அதே கடைக்குத் திரும்பிப் போனா அப்புறம் அவர் ராஜா, நாம கூஜா.

அக்கா போற மாதிரி நடிக்கறதே இல்ல, போயிடறா. மராக்கேஷ்ல ஒருத்தர் மஞ்சக் கலர் தோல் செருப்பைத் தூக்கிக்கிட்டு ரெண்டு சந்து அவ பின்னாடியே ஓடி வந்தாரு, ஒவ்வொரு திருப்பத்துலயும் விலை இறங்கிக்கிட்டே வந்துச்சு, அவ "சைஸ் சரியில்லங்க"ன்னு தமிழ்லயே சொல்லிக்கிட்டு நடந்தா. அந்த 250 விளக்கைக்கூட அவ வாங்கல, வீட்ல எங்க மாட்டறதுன்னு.

இப்ப வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் ஹால் விளக்கைப் பாத்து "சூப்பரா இருக்கே, எவ்ளோ ஆச்சு"ன்னு கேக்கறாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அக்கா முந்திக்கிட்டு "200 திர்ஹாம், நல்லா அடிச்சுப் பேசி வாங்கினா"ன்னு சொல்லிடறா. நான் திருத்தறதில்ல.